கேட்காமல் கொடுத்தவன்

நான் டாக்டர் இல்லீங்க. இந்த பஸ் கண்டக்டர் தம்பி எப்பவும் என்னை டாக்டருன்னுதான் கூப்பிடும். தாராபுரத்துல பாதி ஊரு அப்படித்தான் கூப்பிடுது. நமக்கு மெடிக்கல் கடை. பஸ் ஸ்டாண்டுல இறங்கி தெய்வசிகாமணி கடைன்னு கேட்டீங்கன்னா சின்னப் புள்ளை கூட வழி காட்டும். பார்மசி படிச்சு, லைசென்ஸ் என்ற பேருலயே வெச்சு நடத்தறனுங்க. அடுத்தவன் சர்டிபிகேட்டை வாங்கிச் செவுத்துல மாட்டி வெச்சிருக்கிற கடை இல்லை நம்மளது. அதை முதல்லயே சொல்லிப்போடறேன்.

டாக்டருன்னா அது என்ற மக மிருதுளா. எம்.பி.பி.எஸ். பரீட்சை முடிச்சு, படிச்ச காலேஜ் ஆஸ்பத்திரியிலயே இப்ப பயிற்சி டாக்டரா இருக்குது. எந்த காலேஜுன்னு வேண்டாம், விடுங்க.

குடுத்து வெச்சவருங்கறீங்க. எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. அந்தப் புள்ளை மேடையில ஏறி மைக்கைப் புடிச்சு அத்தனை பேரு முன்னாடி என்னைப் பத்திச் சொன்னது தெரிஞ்சா நீங்க அப்படிச் சொல்ல மாட்டீங்க. பல்லடம் வர்றதுக்குள்ள சொல்லி முடிச்சிருவேன். தூக்கம் வந்தாத் தூங்குங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.

ஹாஸ்டல்ல சேர்த்து விட்ட முதல் மாசமே போன்ல அழுதுச்சுங்க, தொண்டை வலின்னு. சோறு எறங்கலைங்குது. இந்தப் பக்கம் அவங்கம்மா பூங்கொடி அழுவுது. மெடிக்கல் கடைக்காரன் வேற என்ன பண்ணுவான்? மூணு நாளைக்குத் தினம் ஒண்ணாப் போடற ஆன்டிபயாட்டிக் மாத்திரையை ஒரு கவர்ல போட்டு, அந்தப் பக்கம் போற பஸ் டிரைவர்கிட்டக் குடுத்து விட்டேன். போட்டுச்சு. சரியாப் போச்சு.

அந்தத் தொண்டை வலி மாத்திரை போடாம இருந்திருந்தாலும் அதே நாள்ல சரியாகியிருக்கும்னு அப்புறம் அங்க ஒரு மேடம் சொன்னாங்க. இருக்கலாமுங்க. சும்மா இருந்து சரியானதை யாரு கண்டது? மாத்திரை போட்டுச் சரியானதை நான் கண்டேன்.

ரூம்ல கூட இருந்தது ஷெரின்னு ஒரு புள்ளை. மார்த்தாண்டம் பக்கம். தங்கமான புள்ளைங்க. அதுக்கும் தொண்டை வலி வந்துச்சு, அதுக்கும் அனுப்பினேன். "அங்கிள், நீங்கதான் எங்க டாக்டர்"னு போன்ல சொல்லிச்சு. அப்புறம் எதிர் ரூம். அப்புறம் அந்த மாடி பூராவும். "அங்கிள், சளி புடிச்சிருக்கு, நாளான்னைக்குப் பரீட்சை." "அங்கிள், மெஸ்ல சாப்பிட்டு வயிறு கெட்டுப்போச்சு." பேரைச் சொல்லியே கேக்கும், எந்த மருந்து, எத்தனை மில்லிகிராமுன்னு. மிருதுளா ஊருக்கு வந்துட்டுத் திரும்பறப்பெல்லாம் ஒரு பையில மாத்திரை போகும். காசுன்னு ஒரு பேச்சு நான் எடுத்ததில்லை.

பெருமையா இருந்துச்சுங்க. அதை மறைப்பானேன். நான் படிச்சது டிப்ளமோ. நாளைக்கு நாட்டுக்கே வைத்தியம் பார்க்கப் போற புள்ளைங்க எங்கிட்ட மருந்து கேக்குதுங்க. கடைக்கு வர்றவங்ககிட்டச் சொல்லிச் சொல்லி என்ற வாயே வலிச்சுப் போச்சு.

யாரையும் ஒரு கேள்வி கேட்டதில்லீங்க. அதுதான் நம்ம கடையோட குணம். என்ன ஏதுன்னு கிண்டிக் கிளறினா சீக்காளி கூசிப் போயிருவான். முகத்தைப் பார்த்தாத் தெரியாதா? டாக்டர் சீட்டு இல்லாம இதையெல்லாம் குடுக்கக் கூடாதுன்னு மாத்திரை அட்டையிலயே சிவப்புக் கோடு போட்டிருக்குது, எனக்கும் கண்ணு தெரியுது. ஆனா சந்தை நாள்ல மூலனூர்ல இருந்து வர்றவன் டாக்டர் வீட்டு வாசல்ல அரை நாள் உக்காந்தா அவன் பொழப்புப் போச்சு. உக்காந்து பார்த்தாலும் அந்த டாக்டர் எழுதறது நான் குடுக்கிற அதே மாத்திரைதான். நடுவுல எதுக்குங்க அரை நாள்?

சரி, விசயத்துக்கு வர்றேன். மூணாவது வருசம் ஷெரினுக்கு ரொம்ப முடியாமப் போச்சு. வார்டுல சேர்த்திருக்குன்னு மிருதுளா போன் பண்ணுச்சு. நானும் பூங்கொடியும் மாதுளம்பழம் வாங்கிட்டுப் போனோம். அந்தப் புள்ளை கட்டில்ல நனைஞ்ச துணி மாதிரி கிடந்துச்சு. குளிர் காய்ச்சல். முதுகுல, விலாவுக்குக் கீழ தொட முடியலை. கிட்னியில கிருமி ஏறிருச்சாம்.

விசயம் என்னன்னா, ஒண்ணுக்குப் போறப்ப எரிச்சலுன்னு அது அடிக்கடி மாத்திரை வாங்கும். எரிச்சல் நிக்கிற வரைக்கும் போடும், நின்னதும் விட்டுரும். மறுபடி எரியும், மறுபடி கேக்கும். நானும் குடுத்து விடுவேன். கடைசியில அந்தக் கிருமிகிட்ட எந்த மாத்திரையும் எடுபடலை. பரிசோதனை பண்ணிப் பார்த்துட்டு, வாயில போடற மருந்து ஒண்ணும் உதவாது, நரம்புல ஏத்தற மருந்துதான் பாக்கின்னு சொல்லிட்டாங்க. அதுவும் கேக்குமான்னு ரெண்டு நாளைக்கு யாரும் வாயைத் தெறக்கலை. அவங்கம்மா அந்தக் கட்டில் கால்கிட்டயே கீழ உக்காந்திருந்துச்சு.

வராந்தாவுல நின்னு மிருதுளாகிட்டச் சொன்னேன், "அந்தப் புள்ளை உடம்புக்கு மாத்திரை பழகிப்போச்சு அம்மிணி."

"உடம்புக்குப் பழகலைப்பா. கிருமிக்கு."

"கிருமி என்ன மாடா, பழகறதுக்கு?"

"பழகறதுன்னா இப்படித்தான். சாகறதெல்லாம் செத்துப்போகும். சாகாதது மட்டும் மிஞ்சி நின்னு பெருகும். நாமதான் ஒவ்வொரு தடவையும் பாதி மாத்திரை குடுத்துக் குடுத்து, சாகாததாப் பார்த்துச் சலிச்சு எடுத்திருக்கோம்."

நாமதான்னு சொல்லிச்சு பாருங்க, அது எனக்குப் புடிக்கலை.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"னு கேட்டேன்.

"போன வருசமே தெரியும். பரீட்சையில இந்தக் கேள்விக்கு முழு மார்க் வாங்கினேன்."

"அப்புறமும் பையைத் தூக்கிட்டுத்தான போனே?"

செவுத்தைப் பார்த்துட்டு நின்னுச்சு. மடக்கிட்டோமுன்னு எனக்கு அன்னைக்கு ஒரு திருப்தி. நியாயமான கேள்விதானுங்களே? படிச்சது நீ. மார்க் வாங்கினது நீ.

ஷெரின் பொழைச்சிருச்சுங்க. அந்த மருந்து கேட்டுச்சு. ஆனா பரீட்சை எழுத முடியாம, கூடப் படிச்சவங்களுக்குப் பின்னாடி தங்கிப் போச்சு. அதுக்கு அப்புறம் மிருதுளா எங்கிட்ட ஒரு மாத்திரை வாங்கினதில்லை. பையில வெச்சா எடுத்து மேசை மேல வெச்சுட்டுப் போயிரும்.

அடுத்த வருசம் அந்தக் காலேஜ்ல ஒரு விழா. படிக்கிற புள்ளைங்க தாங்க பண்ணின ஆராய்ச்சியை மேடையில சொல்லணும், நல்லதுக்குப் பரிசு. மிருதுளா பேரு வந்திருந்துச்சு. "அப்பா கடையை மூடிட்டு அலைய வேண்டாம், நீ மட்டும் வாம்மா"ன்னு பூங்கொடிகிட்டச் சொல்லியிருந்துச்சு. என்ற கஷ்டம் தெரிஞ்ச புள்ளைன்னு நினைச்சேன். அதுக்காகவே கடையை மூடிட்டு, கஞ்சி போட்ட சட்டையைப் போட்டுக்கிட்டுப் போனேன். சொல்லாமப் போய் நின்னா சந்தோசப்படுமுன்னு.

கடைசி வரிசையில உக்காந்தோம். புள்ளை வெள்ளைக் கோட்டு போட்டு மேடையில நிக்குது. பூங்கொடி கையைப் புடிச்சுக்கிட்டேன். இங்கிலீசுலதான் பேசுச்சு, ஆனா மருந்து சம்பந்தமானது, எனக்குப் புரியாமப் போகுமா? காலேஜ் பசங்க புள்ளைங்க எல்லார்கிட்டயும் கேள்வி கேட்டிருக்குது. சளிக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யுமான்னு கேட்டதுக்கு, ஏறக்குறைய எல்லாரும் செய்யாதுன்னு சரியாச் சொல்லியிருக்காங்க. சளி வைரஸால வர்றது, இந்த மருந்து பாக்டீரியாவைத்தான் கொல்லும்னு. பாதியில நிறுத்தலாமா, கூடாது. சீட்டு இல்லாம வாங்கலாமா, கூடாது. எல்லாம் சரியான பதில். அப்புறம், "கடைசியாச் சளி புடிச்சப்ப நீங்க என்ன பண்ணினீங்க?"ன்னு கேட்டிருக்குது. பாதிப் பேருக்கு மேல அதே மாத்திரையைப் போட்டிருக்காங்க. எங்க இருந்து வாங்கினீங்கன்னா, தெரிஞ்ச மெடிக்கல் கடை, இல்லைன்னா கூட்டாளி பை.

நல்லாத்தான் சொல்லுதுன்னு கேட்டுட்டு இருந்தேன். அப்பத்தான் சொல்லிச்சு. எங்க ஹாஸ்டல் மாடிக்கு மருந்து வந்தது ஒரு மெடிக்கல் கடையில இருந்துன்னும், அந்தக் கடைக்காரர் என் அப்பான்னும்.

அதுக்கு அப்புறமும் என்னமோ சொல்லிச்சு. தூக்கிட்டு வந்தது நான், எல்லாம் தெரிஞ்சு தூக்கிட்டு வந்தேன்னு தன்னையும்தான் சொல்லிச்சுன்னு பூங்கொடி சொல்லுது. அவ பத்தாவது படிச்சவ, அவளுக்கே புரிஞ்சுதாம். எனக்குக் காதுல விழலைங்க. 'மை ஃபாதர்'ங்கறதோட என்ற காது அடைச்சுப் போச்சு.

பேசி முடிச்சதும், யாருக்காவது கேள்வி இருக்கான்னு கேட்டாங்க. நான் எந்திரிச்சேன். பூங்கொடி சட்டையைப் புடிச்சு இழுத்தா, உதறிட்டேன். மேடையில கிருமிப் பாடம் எடுக்கிற வத்சலா மேடம் உக்காந்திருந்தாங்க. "சொல்லுங்க ஐயா"ன்னாங்க. மிருதுளா அப்பத்தான் என்னைப் பார்த்துச்சு. அதோட கையில இருந்த மைக் அப்படியே கீழ எறங்கிருச்சு.

தமிழ்லயே சொன்னேன். "நான்தானுங்க அந்தக் கடைக்காரன். நான் டிப்ளமோ படிச்சவன். இங்க இருக்கிறவங்க எல்லாம் டாக்டருக்குப் படிக்கிறவங்க. இந்தப் புள்ளை இப்பச் சொன்னதுல உங்களுக்குத் தெரியாதது ஒண்ணும் இல்லை. அத்தனையும் தெரிஞ்சுக்கிட்டுத்தான் எனக்குப் போன் பண்ணினீங்க. அந்த மாடிப் புள்ளைங்கள்ல எனக்குப் போன் பண்ணாதவங்க யாரு? கையைத் தூக்குங்க."

ஒருத்தரு கூடக் கையைத் தூக்கலைங்க. தெரிஞ்சவன் தப்பா, தெரியாதவன் தப்பான்னு இன்னொரு கேள்வியும் கேட்டேன். வத்சலா மேடமே சொன்னாங்க, "ஐயா கேட்டது இன்னைக்குக் கேட்டதுலயே முக்கியமான கேள்வி. நாங்க சொல்லிக் குடுக்கிறது இவங்க பேனா வரைக்கும்தான் போயிருக்கு, கை வரைக்கும் போகலை"ன்னு. கேட்டுக்குங்க. பெரிய டாக்டர் சொன்னது. இதை ஊருல சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க.

அதோட விட்டிருந்தா நான் ஜெயிச்சவன். நடு வரிசையில இருந்து ஷெரின் எந்திரிச்சுச்சு. எளைச்சுப் போய் இருந்துச்சு. "அங்கிள், நான்தான் உங்களுக்கு அதிகமாப் போன் பண்ணினவ"ன்னுச்சு.

"தெரிஞ்சும் ஏன் சாமி எங்கிட்டக் கேட்டே? கீழ எறங்கினா உங்க ஆஸ்பத்திரிதான?"

"கீழ போனா எத்தனை நாளாச்சுன்னு கேப்பாங்க. போன தடவை முழுசாப் போட்டியான்னு கேப்பாங்க. டெஸ்ட் எழுதுவாங்க. நாளைக்கு எனக்குப் பாடம் எடுக்கிறவங்க முன்னாடி அதையெல்லாம் சொல்லணும். நீங்க ஒரு கேள்வி கேட்க மாட்டீங்க அங்கிள். அதனாலதான்."

கோவமாச் சொல்லலைங்க. அது கோவமாச் சொல்லியிருந்தா நானும் ரெண்டு சொல்லியிருப்பேன். நன்றி சொல்ற மாதிரி சொல்லிச்சு. நான் அப்படியே உக்காந்துட்டேன். கால் வலி. காலையில இருந்து பஸ்ல நின்னுட்டு வந்தது.

பரிசு மிருதுளாவுக்குத்தான் குடுத்தாங்க. வாசல்ல வெச்சு, "வந்திருக்க வேண்டாமேப்பா"ன்னுச்சு. "என்ற பேரைச் சொன்ன இடத்துக்கு நான் வரக் கூடாதா?"ன்னேன். திரும்பி வர்றப்ப பஸ்ல பூங்கொடி சொன்னா, "அந்த மார்த்தாண்டத்துப் புள்ளைக்கு நீங்க பதிலே சொல்லலை." என்ன பதில் சொல்றது? வயசுப் புள்ளைகிட்ட, எங்க எரியுது எப்ப எரியுதுன்னு நான் எப்படிக் கேப்பேன்? கேட்காம இருந்தது மரியாதைங்க. நம்ம பக்கம் அதுதான் மரியாதை. நீங்களே சொல்லுங்க.

சொல்ல மாட்டீங்க. பரவாயில்லை.

ஊருக்கு வந்து ஒரு முடிவு பண்ணினேன். கேள்விதான வேணும்? கேட்டுப்போடலாமுன்னு. கடைக்கு எவன் வந்தாலும் கேட்க ஆரம்பிச்சேன். நாச்சிமுத்துன்னு ஒருத்தர், எனக்குப் பங்காளி முறை. பேரனுக்குச் சளின்னு பழைய மாத்திரை அட்டையைக் காட்டினாரு. எத்தனை நாளாச்சுங்க மாமான்னு... மன்னிச்சுக்குங்க, மாமா இல்லை, அண்ணான்னுதான் கூப்பிடுவேன், பேச்சு வேகத்துல வந்துருச்சு. எத்தனை நாளாச்சுங்கண்ணா, காய்ச்சல் அடிக்குதா, மூச்சு வாங்குதா, பால் குடிக்கிறானா, போன தடவை குடுத்ததை முழுசாப் போட்டீங்களான்னு வரிசையாக் கேட்டேன். "மாத்திரை குடுக்கறயா, போலீஸ் வேலையில சேர்ந்துட்டயா?"ன்னாரு. மூச்சு வாங்கலைன்னா இது வேண்டாம், கொதிக்க வெச்ச தண்ணி குடுங்க, வாங்கினா டாக்டர்கிட்டத் தூக்கிட்டுப் போங்கன்னேன். நேரா எதிர்க் கடைக்குப் போயிட்டாரு. அவன் எடுத்துக் குடுத்துட்டான். அதுல இருந்து நாச்சிமுத்தண்ணன் வீட்டுல எங்களுக்குத் தீவாளி நோம்பிப் பலகாரம் கூட வர்றதில்லை.

திருந்திட்டானுன்னு நினைச்சுக்காதீங்க. அதுக்கு வேற ஆளைப் பாருங்க. இவங்க சொல்ற மாதிரி கடை நடத்தினா என்ன ஆகுமுன்னு மிருதுளாவுக்குக் காட்டத்தான் அப்படிப் பண்ணினது. லீவுக்கு வந்தப்ப பார்த்துச்சு. கடைக்குள்ள ஸ்டூல்ல உக்காந்து, நான் ஒவ்வொருத்தரையும் கேக்கிறதையும், அவங்க முணுமுணுத்துட்டு எதிர்ப்பக்கம் போறதையும் பார்த்துட்டே இருந்துச்சு. வெறுங் கடையில நாங்க ரெண்டு பேரும் உக்காந்திருந்தோம். "பார்த்தயா?"ன்னேன். "பார்த்தேன்"னுச்சு. அன்னைக்குச் சாயங்காலம் டீ வாங்கிட்டு வந்து எனக்கு ஒண்ணு குடுத்துச்சு. என்ன நினைச்சுக் குடுத்துச்சோ.

காட்டியாச்சுல்ல, அப்புறம் ஏன் இன்னும் கேட்டுட்டே இருக்கறீங்கன்னு பூங்கொடி கேக்கறா. பழக்கமாப் போச்சுங்க. வேற ஒண்ணுமில்லை.

இன்னைக்குக் காலையில கடை தெறந்ததும் போன். மிருதுளாதான். அவங்கம்மாவுக்குப் பண்ணாம எனக்கே பண்ணியிருக்குது. "அப்பா, காய்ச்சல்"னுச்சு. சின்ன வயசுல சொல்ற அதே குரல்ல. வார்டுல நின்னு நின்னு யார்கிட்ட இருந்தோ தொத்திக்கிச்சு போல. கூட இருக்கிற டாக்டருங்க பார்த்துட்டாங்களாம், ரத்தமும் எடுத்துப் பார்த்தாச்சாம், வைரஸ் காய்ச்சல்தான், படுத்து எந்திரிச்சாப் போயிருமாம்.

"என்ன கொண்டு வரட்டும் சாமி?"ன்னேன்.

"ஒண்ணும் வேண்டாம். நீங்க வந்து கொஞ்ச நேரம் உக்காருங்கப்பா. போதும்."

என்ற கை அதுவா அலமாரிக்குப் போச்சுங்க. பூங்கொடி பார்த்துட்டே நின்னா. நானே கையை எடுத்துட்டேன். புள்ளையோட மேடைப் பேச்சுக்குப் பயந்து எடுத்தேன்னு நினைக்காதீங்க. அது வந்து உக்காரச் சொல்லிக் கேட்டது அவ்வளவுதான், அதனால எடுத்தேன். இதோ பாருங்க, பையில ஒரு சீப்பு வாழைப்பழமும் என்ற மாத்து வேட்டியும்தான். கடை நிறைய மருந்தை வெச்சுட்டு, காய்ச்சல்ல கிடக்கிற மகளைப் பார்க்க இப்படிப் போறவன் இந்த பஸ்ல நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

அந்த டாக்டருங்க சொன்னது தப்பா இருந்தா? நாளைக்கும் காய்ச்சல் விடலைன்னா? அதையும் யோசிச்சு வெச்சிருக்கேன். நானா விட்டுருவேனா? அந்த ஊருலயும் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல மெடிக்கல் கடை இருக்குது, பார்த்து வெச்சிருக்கேன். உள்ள போய் மாத்திரை பேரைச் சொன்னாப் போதும். யாருக்குன்னு கேட்க மாட்டான். என்ன சீக்குன்னு கேட்க மாட்டான். என்ற புள்ளைக்குங்க, அதுக்கும்கூட அவன் ஒரு வார்த்தை கேட்காம எடுத்துக் குடுத்துருவான்.